புள்ளி வைக்காத கையெழுத்து

சேமிப்புப் பத்திரத்தில் பணம் போட ஒரே நிமிடம் போதும் என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. விளம்பரம் நடந்தது பள்ளிக்கூடங்களில். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்பது வயது, பத்து வயது. அவர்களுக்கு ஆளுக்கொரு பென்சில் இலவசமாகக் கொடுத்தார்கள்.

பென்சில் வாங்கிய பிள்ளைகளில் சுண்டுவும் ஒருத்தி. வீட்டுக்குக் கடைக்குட்டி, ஆளும் சுண்டுவிரல் அளவு என்பதால் வந்த பெயர் அது. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு நீளமான, மரியாதையான வேறொரு பெயர் உண்டு. பத்திரமும் அந்த நீளப் பெயரில்தான் இருந்தது. ஆனால் பணம் அக்காவுடையது. அப்பா இல்லாத வீடு. அக்கா பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் வேலைக்குப் போனாள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெயரில் மட்டும்தான் பத்திரம் தருவோம் என்றார்கள். முதல் வருடச் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததை எல்லாம் அவள் தங்கையின் பெயரில் போட்டாள். அம்மா காப்பாளர் என்று கையெழுத்திட்டாள். முப்பத்தைந்து வருடப் பத்திரம்.

அந்த முப்பத்தைந்து வருடமும் ஓடி முடிந்தபோது சுண்டு வேறொரு நாட்டில் பல் செட் செய்கிறவளாக இருந்தாள். மெழுகில் ஈறு இழைப்பது, பல்லைப் பல்லாக அடுக்குவது, மேலும் கீழும் பொருத்திப் பார்த்து அரம் போடுவது அவள் வேலை. கணவர் நகரப் பேருந்து ஓட்டினார். இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தார்கள். மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே அதற்கு ஆள் காத்திருக்கும்.

அம்மா போய் ஐந்து வருடமாகிறது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே துணிக்கடையில் முப்பத்தைந்து வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவள் குடியிருந்தது நான்காவது மாடியில். லிஃப்டுக்கு என்று கட்டடத்தில் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் சைக்கிள்கள் நின்றன. காலையில் இறங்கினால் இரவில்தான் ஏறுவாள். எதையாவது மறந்துவிட்டு வந்தால் மறந்தது மறந்ததுதான்.

தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் ஆறு மாதத்தில் காலி செய்யப்போவதாகச் சொன்னார்கள். வீட்டுச் சொந்தக்காரர் அக்காவிடம், பெரிய முன்பணம் ஒன்றை மொத்தமாகத் தந்தால் அந்த வீடு உங்களுக்குத்தான், காலியாகும் நாள் வரை வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அக்கா அதைத் தங்கையிடம் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். சுண்டு அன்றே அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். முதிர்வுத் தேதி தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. தொகை முன்பணத்துக்குச் சரியாக வரும். ஆறு மாதம் தாராளமாகப் போதும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

பத்திரத் துறையில் வெளிநாட்டில் வசிப்போருக்கென்று தனி உதவி எண் இருந்தது. சுண்டு கூப்பிட்டாள். இந்த எண்ணை வெளிநாட்டிலிருந்து அழைக்க இயலாது என்று ஒரு பெண்குரல் பதிவு இனிமையாகச் சொன்னது. அதனால் அக்கா உள்நாட்டிலிருந்து அழைத்தாள். பத்திரதாரர் மட்டும்தான் பேசலாம் என்றார்கள். மறுநாள் அக்கா இன்னொரு கைப்பேசியை இரவல் வாங்கி வந்து, ஒன்றில் உதவி எண்ணையும் இன்னொன்றில் தங்கையையும் பிடித்து, இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து மேசையில் படுக்கவைத்தாள்.

உதவியாளர், குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து பேசுகிறேன் என்றாள் சுண்டு.

"இந்த எண்ணுக்கு வெளிநாட்டிலேருந்து பேச முடியாதே" என்றார் அவர். பிறகு பேசவும் முடியவில்லை. அவர் வைத்துவிட்டார்.

ஆனால் அதற்குள் படிவத்தின் எண் கிடைத்துவிட்டது. பதினாறு பக்கம். அதைத் தூதரகத்தில் சான்றொப்ப அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். தூதரகம் ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்தில் இருந்தது. சுண்டு ஒருநாள் விடுப்புப் போட்டுப் போய், இருபது வருடமாகத் தான் போட்டுவரும் கையெழுத்தைப் போட்டாள். அலுவலர் வட்ட முத்திரை ஒன்றைக் குத்திக் கொடுத்தார். ஐந்து வாரம் கழித்து அது திரும்பி வந்தது. கையெழுத்து பதிவேட்டிலுள்ள மாதிரியுடன் பொருந்தவில்லை.

மாதிரி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினாள். மாதிரிக் கையெழுத்து ரகசியம், அதை வெளியே சொன்னால் யார் வேண்டுமானாலும் அதைப் போல் போட்டுவிடுவார்கள் என்று பதில் வந்தது. அது என்னுடைய கையெழுத்துதானே என்று அவள் மறுபடியும் எழுதினாள். அது உங்களுடைய கையெழுத்துதான் என்பதை நீங்கள் அதே மாதிரி போட்டுத்தான் நிரூபிக்க வேண்டும் என்று மறுபடியும் பதில் வந்தது. இந்தக் கடிதப் போக்குவரத்தில் ஒரு மாதம் போயிற்று.

அக்கா கடைக்கு மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டுப் பத்திர அலுவலகத்துக்கு நேரில் போனாள். அங்கே கவுண்டரில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். காட்டத்தான் முடியாது என்றார். ஆனால் பதிவேட்டைத் தன் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ விளையாட்டுக்குப் போட்ட மாதிரி இருக்கிறது, மொத்தமே மூன்று எழுத்துதான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா நான்கு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்குவது நிற்பதற்கு முன்பே தங்கையைக் கூப்பிட்டாள்.

"சுண்டு, அன்னைக்கு ஸ்கூல்ல அந்தத் தாள்ல என்ன எழுதினே?"

"பேரைத்தான் எழுதினேன்."

"எந்தப் பேரை?"

சுண்டுவுக்கு வகுப்பறையில் நீளப் பெஞ்சு, பக்கத்தில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த பெண், பேர் எழுதுங்கள் என்ற டீச்சர் எல்லாம் நினைவுக்கு வந்தது.

"டீச்சர் பேர் எழுதுன்னாங்க. எனக்கு அதுதானேக்கா பேரு" என்றாள்.

"அடிப்பாவி" என்றாள் அக்கா. பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். அதற்கப்புறம் அந்த விஷயத்தில் அவர்கள் சிரித்ததாகத் தெரியவில்லை.

சுண்டு மறுபடியும் ஆறு மணி நேரம் ரயிலில் போனாள். சான்றொப்ப அலுவலர் முன்னால் "சுண்டு" என்று கையெழுத்திட்டாள். அவர் கடவுச்சீட்டைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், இது வேறொரு ஆளின் கையெழுத்து என்றார். முத்திரை குத்தினாலும், இரண்டு பேரும் ஒருவரே என்று ஒரு சான்றைச் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். அந்தச் சான்றை, இரண்டு பெயரிலும் அவளை அறிந்த ஒருவர் சத்தியம் செய்து தர வேண்டும். சத்தியம் செய்பவர் உறவினராக இருக்கக் கூடாது. சுண்டுவைச் சுண்டு என்று அழைத்த உறவினரல்லாத ஒருவரை அக்கா ஊரெல்லாம் தேடினாள். கடைசியில் பழைய தெருவில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் அகப்பட்டார். அவருக்குக் காது கேட்கவில்லை. சுண்டு என்றதும் சுண்டக் காய்ச்சிய பாலா என்று கேட்டார். மூன்றாவது தடவை புரிந்துகொண்டு சத்தியம் செய்து கொடுத்தார்.

விண்ணப்பத்தோடு அதுவும் சேர்ந்து போயிற்று. நான்கு வாரத்தில் திரும்பி வந்தது. இந்தத் தடவை காரணத்தை விளக்கமாகவே எழுதியிருந்தார்கள். பதிவேட்டிலுள்ள மாதிரியில் நடு எழுத்தின் மேல் புள்ளி இல்லை. விண்ணப்பத்தில் புள்ளி இருக்கிறது. தவிர, மாதிரியில் எழுத்துகள் ஏறி இறங்கியும், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே விழுந்தும் காணப்படுகின்றன. விண்ணப்பதாரர் ஐயத்துக்கிடமான தெளிவுடன் எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் மேலே, 'திருமதி சுணடு அவர்களுக்கு' என்று அச்சிட்டிருந்தார்கள்.

கை நடுங்காமல் இருப்பதற்குத்தான் சுண்டுவுக்குச் சம்பளம். இருபது வருடமாக மயிரிழை பிசகாமல் பல் இழைத்த கை. அதற்குக் கோணலாக எழுத வரவில்லை. மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு இடக்கையில் எழுதினாள். அது ஓரளவு ஒன்பது வயதுக்கு வந்தது. வேலை முடிந்து வந்த கணவர், சாப்பாட்டு மேசை நிறையக் கிடந்த தாள்களை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தாளிலும் நாற்பது ஐம்பது 'சுணடு'. அவர் தாள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் பத்திரத்தைப் பற்றிக் கேட்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார்.

மூன்றாம் தடவை தூதரகம். அவள் இடக்கையில் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவதைச் சான்றொப்ப அலுவலர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார்.

"அம்மா, 'தம் இயல்பான கையெழுத்தை என் முன் இட்டார்'னு நான் எழுதணும். நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதறதை இயல்புன்னு எப்படி எழுதறது? நான் பொய் சொல்ல முடியாது. இது தூதரகம்."

அப்படியானால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். இயல்பாக வரும்வரை பழகுங்கள், மூன்று மணி வரை நான் இருப்பேன் என்று அவர் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார். காத்திருப்போர் கூடத்தில் உட்கார்ந்து அவள் பழகினாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், பக்கவாதத்துக்குப் பிறகு கை திரும்ப வந்துவிடும், தைரியமாக இரு மகளே என்றார். இரண்டே முக்காலுக்கு இயல்பாக வந்தது. முத்திரை விழுந்தது.

இந்த விண்ணப்பத்துக்கு வந்த பதில் இப்படித் தொடங்கியது: 'தங்கள் கையெழுத்து பொருந்துகிறது.' அந்த வரியை அவள் அக்காவுக்குத் தொலைபேசியில் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அடுத்த வரி 'ஆயினும்' என்று ஆரம்பித்தது. பொருந்திய கையெழுத்து ஒரு மைனரின் கையெழுத்து. மைனர் தன் கையெழுத்தில் பணம் பெற முடியாது. காப்பாளரின் கையெழுத்து தேவை. காப்பாளர் இறந்திருந்தால், புதிய காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

நாற்பத்து நான்கு வயதுத் தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது அக்கா காப்பாளராக விண்ணப்பித்தாள். படிவத்தில் மைனரின் படிப்பு, உடல்நிலை, நன்னடத்தை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. அக்கா துணிக்கடையில் ரசீது எழுதும் அதே சிக்கனத்தில் நிரப்பினாள். படிப்பு: முடிந்தது. உடல்நிலை: மூக்குக் கண்ணாடி. நடத்தை: பரவாயில்லை.

விசாரணைக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். நான்கு மாடி ஏறி வந்தவருக்கு வாசலிலேயே நெஞ்சு அடைத்தது. அக்கா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். தினமும் இதையா ஏறுகிறீர்கள் என்று கேட்டார். இதை ஏறாமல் இருப்பதற்காகத்தான் நீங்கள் ஏறி வந்திருக்கிறீர்கள் என்று அக்கா சொன்னாள். அவர் மிகவும் வருத்தப்பட்டார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து, மைனரின் படுக்கை, மைனரின் பாடப்புத்தகம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டார். மைனர் எங்கே என்றார். வெளிநாட்டில், வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாள் அக்கா. மைனரை வேலைக்கு அனுப்பியது பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதினார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்வதானால் மைனரை நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்று அடிக்குறிப்பு இருந்தது. தரைத்தள வீடு காலியாக இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

சுண்டு பல் செட் செய்யும் கூடத்தில் இரண்டு வார விடுப்புக் கேட்டாள். மேலாளர் எதற்கு என்று கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நீண்ட நேரம் அவளைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் துக்கமா, தயங்காமல் சொல்லுங்கள் என்றார். அவள் ஆமாம் என்றாள். விமானச் சீட்டைக் கடன் அட்டையில் போட்டாள்.

பத்திர அலுவலகத்தின் கூடத்தில் ஏழாம் எண் கவுண்டர் உள்நாட்டில் வசிப்போருக்கு, எட்டாம் எண் கவுண்டர் வெளிநாட்டில் வசிப்போருக்கு. இரண்டுக்கும் ஒரே குமாஸ்தா. அக்காவுக்கு மூன்று எழுத்து என்று சொன்னவர் அவர்தான். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டுக்கும் இடையில் உருண்டுகொண்டிருந்தார். சுண்டு எட்டுக்குப் போனாள்.

வெளிநாட்டில் வசிப்போர் விண்ணப்பம் வெளிநாட்டிலிருந்து தபாலில்தான் வர வேண்டும், நேரில் வருகிறவரை வெளிநாட்டில் வசிப்பவர் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்றார் அவர். ஏழுக்குப் போகச் சொன்னார். அவள் இரண்டடி நகர்ந்தாள். அவரும் உருண்டு வந்தார். வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று முதலிலிருந்து கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, முகவரி வெளிநாட்டில் இருக்கிறதே, நீங்கள் எட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

"எட்டுல இருந்ததும் நீங்கதானே?" என்றாள் சுண்டு.

"நான்தாம்மா. அங்க உக்காந்திருக்கறப்ப உள்நாட்டு விதியை நான் பார்க்கக் கூடாது. இங்க உக்காந்திருக்கறப்ப வெளிநாட்டு விதியைப் பார்க்கக் கூடாது."

"நாற்காலியை நடுவுல போட்டுக்கிட்டா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "நடுவுல கவுண்டர் இல்லையே" என்றார்.

அக்கா அதற்குள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிக்குப் போகும் வழியைக் கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் துணை இயக்குநரின் அறை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளே விட்டார்கள். பெரிய மேசை. அதன்மேல் ஒரு தாள்கூட இல்லை. அக்கா, மைனரை நேரில் ஆஜர்படுத்தவும் என்ற கடிதத்தை வைத்து, தங்கையைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இதுதாங்க மைனர்."

துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி, நரைத்த காதோரத்தோடு நின்ற சுண்டுவைப் பார்த்தார்.

"வளர்ந்துட்டாங்க" என்றார், சற்று ஏமாற்றத்தோடு.

வளர்ந்துவிட்டதால் காப்பாளர் விண்ணப்பம் காலாவதியாகிறது என்று அவர் விளக்கினார். இனி மேஜராகக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து மாதிரியோடு பொருந்த வேண்டும். மாதிரியோடு பொருந்தினால் அது மைனர் கையெழுத்தாகிவிடும் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். தன் துறையின் நுட்பத்தில் அவருக்கு இருந்த ரசனை முகத்தில் தெரிந்தது. சுண்டு மெதுவாகத்தான் கேட்டாள்: அப்படியானால் இந்தப் பணத்தை யார்தான் வாங்க முடியும்?

துணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அம்மா, நீங்க எங்களைத் தப்பா நினைச்சிட்டிருக்கீங்க. பணம் கொடுக்கறது ஒரு பெரிய காரியமா? பேங்க்ல கொடுக்கறான், வட்டிக்கடையில கொடுக்கறான், தெருவில போறவன் கூடக் கொடுப்பான். நாங்க காப்பாத்தறோம். உங்க பணத்தை உங்ககிட்டேருந்தே காப்பாத்தறோம்னா பாருங்க. இந்தப் பிரிவு ஆரம்பிச்சு இருபத்தெட்டு வருஷம். இதுவரைக்கும் தப்பான ஆளுக்கு ஒரு காசு போனதில்ல."

"சரியான ஆளுக்கு?" என்றாள் அக்கா.

"அந்தக் கணக்கு எடுக்கறதில்ல" என்றார் அவர்.

வெளியே வந்து கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். விட்டுவிடு, நாலு மாடி நமக்குப் புதுசா என்றாள். அதைக் கேட்டதும் சுண்டுவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. மூன்று ரயில் பயணம், இடக்கை, பால்காரர், கடன் அட்டை, இப்போது இதையும் அக்கா வாயால் கேட்க வேண்டும். சுவரில் ஆலோசனைப் பெட்டி ஒன்று தொங்கியது. பக்கத்தில் கயிற்றில் கட்டிய பேனாவும் தாளும் இருந்தன. அவள் எழுந்து போய், நின்றபடியே, தன் வழக்கமான வலக்கையில் எழுதினாள்: 'இந்தப் பணம் எனக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொண்டு நன்றாக இருங்கள்.' பத்திர எண்ணை எழுதி, எப்போதும் போடும் கையெழுத்தைப் போட்டு, தாளைப் பெட்டிக்குள் திணித்தாள்.

இருபத்தெட்டு வருடத்தில் அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு அக்காவின் கைப்பேசி ஒலித்தது. இயக்குநரே பேசினார். உடனே வர முடியுமா, கார் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

அந்த அறையில் கம்பளம் இருந்தது. தேநீர் வந்தது, கோப்பைக்கு அடியில் தட்டோடு. புகைப்படக்காரர் ஒருவர் ஓரமாக நின்றார். இயக்குநர் சுண்டுவின் கையைப் பற்றிக் குலுக்கி, கண் கலங்கினார். துறையின் நல்வாழ்வு நிதிக்கு இவ்வளவு எளிமையான சொற்களில் யாரும் நன்கொடை தந்ததில்லை, 'நன்றாக இருங்கள்' என்ற வாழ்த்தைப் படித்தபோது நெகிழ்ந்துவிட்டேன் என்றார். காலையிலேயே தொகை நிதிக்கு மாற்றப்பட்டுவிட்டதாம். கோப்பு நாற்பது நிமிடத்தில் ஆறு மேசை கடந்ததாம். துறை வரலாற்றில் இது சாதனை.

சுண்டு கையெழுத்து பொருந்தியதா என்று மட்டும் கேட்டாள்.

இயக்குநர் அந்தக் கேள்வியில் சற்றுப் புண்பட்டார். "கொடுக்கறவங்களை நாங்க சந்தேகப்படறதில்லம்மா" என்றார். "வாங்க வர்றவங்களைத்தான் சந்தேகப்படணும். அது சட்டம்."

தடித்த தாளில் அச்சிட்ட நன்றிச் சான்றிதழை அவள் கையில் வைத்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் இயக்குநர் சிரிக்கிறார். துணை இயக்குநர் சான்றிதழின் ஓரத்தைப் பிடித்திருக்கிறார். சுண்டு பல்வலிக்காரி மாதிரி இருக்கிறாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அக்கா இரண்டு பேருக்கும் சீட்டு வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போட்டாள். திட்டியிருந்தால் சுண்டுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முதல் வருடச் சம்பளம், என்று அவளே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பதினேழு வயதுப் பெண் புதுச்செருப்புக் கூட வாங்காமல் சேர்த்தது. அதை ஒரு கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு மாடியும் அக்கா முன்னால் ஏறினாள், இவள் பின்னால் ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா நின்றாள். இவளும் நின்றாள்.

துணிக்கடையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணியையும் மறுபக்கம் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார்கள். அக்கா மேசைமேல் கிடந்த சான்றிதழை எடுத்து, விரலால் தடிமனை நெருடிப் பார்த்தாள். பிறகு திருப்பினாள். பின்பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி விதிகள் அச்சிட்டிருந்தன. கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள்.

"சுண்டு, பதினொண்ணாவது வரியைப் படி."

நன்கொடையாளர் மனம் மாறினால், ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று இருந்தது. தொகை அவர் குறிப்பிடும் வங்கிக் கணக்கில் ஐந்து நாளில் சேர்க்கப்படும். காரணம் கூறத் தேவையில்லை.

மறுநாள் கவுண்டர் திறக்கும்போதே போய் நின்றார்கள். உருளும் நாற்காலிக் குமாஸ்தா பதினொன்றாவது வரியைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய மனிதர் புகைப்படத்துக்காக இந்த நிதிக்கு ஒரு தொகை கொடுத்தாராம். படம் பத்திரிகையில் வந்த மறுவாரம் பணத்தைத் திருப்பிக் கேட்டாராம். அவருக்காக ஒரே இரவில் போட்ட விதி அது. அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

"கையெழுத்து?" என்றாள் சுண்டு.

"நிதிப் பிரிவுல மாதிரிக் கையெழுத்தே கிடையாதும்மா. நேத்து நீங்க போட்டதுதான் மாதிரி. அதையே போடுங்க."

அவள் வலக்கையில் போட்டாள். ஏழாம் கவுண்டரா எட்டாம் கவுண்டரா என்று கேட்டாள். இது இரண்டிலும் வராது என்று சொல்லி, தாளைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தானே மாடிக்கு எடுத்துப் போனார். அக்காவின் கணக்கு எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பணம் வந்தது. புகைப்படச் செலவு, தேநீர்ச் செலவு, சான்றிதழ்ச் சட்டகச் செலவு பிடித்துக்கொண்டு வந்தது. சட்டகம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. தரைத்தள வீடு காலியானது அதற்கு முந்தின நாள். சொந்தக்காரர் சொன்ன வாக்கைக் கடைசி நாள் வரை காப்பாற்றினார். அதற்கு மறுநாள் காலையில் ஒரு மருந்துக்கடைக்காரர் முழுப் பணத்தோடு வந்து நின்றார். சொந்தக்காரர் அக்காவிடம் அதை நேரில் வந்து சொன்னார். அவரைக் கோபிக்க முடியவில்லை. இரண்டாவது மாடியில் இருப்பவர்கள் மாற்றலாகி நாளைக்கே போகிறார்கள், அதைத் தருகிறேன் என்றார்.

விடுப்பு முடிய மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் சகோதரிகள் இரண்டு பேரும் பாத்திரம், படுக்கை, அலமாரி என்று எல்லாவற்றையும் நான்காவது மாடியிலிருந்து இரண்டாவதற்கு இறக்கினார்கள். பெரிய சாமான்களுக்குக் கூலிக்கு இரண்டு பேர் வந்தார்கள். அக்கா புது வீட்டு ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தாள். பழவண்டிக்காரரின் தராசு முள் கூடத் தெரிகிறது, இனி இங்கிருந்தே பேரம் பேசலாம் என்றாள்.

அன்று மத்தியானம் தபால்காரர் வந்தார். திருமதி சுணடு அவர்களுக்கு, பத்திரத்தை முறைப்படிப் பணமாக்கும் தங்கள் மூல விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது. உரிய கையெழுத்துடன் மீண்டும் அனுப்பவும் என்று எழுதியிருந்தது. சுண்டு அதைப் படித்துவிட்டு நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் வைத்தாள். கட்டில் நின்றது.

பிறகு இரண்டு பேரும் வெறுந்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். அக்கா தன் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷத்துக்கு ரெண்டு மாடி இறங்கியிருக்கேன்" என்றாள். "மிச்சம் ரெண்டு மாடிக்கு வேற பத்திரம் ஏதாவது வச்சிருக்கியாடி?"

"இருந்தாலும் சொல்ல மாட்டேன்க்கா" என்றாள் சுண்டு.